நான் கொடுத்த நற்சாட்சி

அவரிடம் இப்போது துப்பாக்கி இருக்கிறதா என்று யாராவது என்னைக் கேட்டால், தெரியாது என்பேன். உண்மையிலேயே தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். இவ்வளவு சின்னப் பதிலை ஒழுங்காகச் சொல்லப் பழகுவதற்கு எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு விலை கொடுத்தவர் அவர்.

அவர் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அக்கா என்றே எழுதிவிடுகிறேன். சொந்தத்தில் அக்கா இல்லை. பக்கத்து வீடு.

பிரிஞ்சாங் டவுனைத் தாண்டி மேலே ஏறி, தேயிலைக்குள் திரும்பும் ஒற்றை ரோட்டின் கடைசியில் எங்கள் லயம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காய்கறி லோரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் கோலாலம்பூர் ரோட்டில்தான் குடித்தனம். நான் எஸ்டேட் தேயிலைக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். பகல் முழுக்க டூரிஸ்டுகளோடு பேசிப் பேசி வாய் வலித்தாலும், வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் யாரோடாவது பேச வேண்டும் எனக்கு. அப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் கொடுத்த பக்கத்து வீடு இவர்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. என் வீட்டில் கடுகு வெடித்தால் அங்கே தும்மல் கேட்கும். பதினோரு வருஷம் காதைத் தீட்டி வைத்திருந்தும் எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிடைத்தது மிகவும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் புறப்படும்போது ஒரு பாட்டு முணுமுணுப்பார். கோழிகளைத் திட்டுவார். மாலையில் இரும்பு அலமாரிக் கதவு மூடும் சத்தமும், சாவி இரண்டு தடவை திரும்பும் சத்தமும் கேட்கும். அவ்வளவுதான்.

அந்த அலமாரியில்தான் துப்பாக்கி இருந்தது. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ‘அப்பா சாமான்’ என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை லைசன் புதுப்பிக்க அதை பாலாய்க்கு, அதாவது போலீஸ் ஸ்டேஷனுக்கு, எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். அன்றைக்கு அதைப் பாயில் சுற்றி, பாயைக் கோணிக்குள் விட்டு, மேலே நாலு லீக்ஸ் தழை நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகி, எஸ்டேட் லேண்ட்ரோவரில் ஏறுவார். டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்து விடுவார். லீக்ஸை மடியில் வைத்துக்கொண்டு யாரும் டவுனுக்கு அவ்வளவு விறைப்பாக உட்கார்ந்து போக மாட்டார்கள்.

எஸ்டேட் ஓரத்தில் ஓடைக்கு மேலே அவருக்குக் குத்தகை நிலம் இருந்தது. சர்க்கரைவள்ளியும் சோளமும் போடுவார். கியா பார்ம் சந்தைக் கடைக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். சர்க்கரைவள்ளி இருக்கும் இடத்துக்குக் காட்டுப்பன்றி வராமல் இருக்குமா? அதற்காகத்தான் முதலில் அவருடைய அப்பாவும், அப்பாவுக்குப் பின்னால் அவரும் லைசன் வாங்கியது. பெண்பிள்ளைக்கு எதற்கு இது என்று அதிகாரி கேட்டாராம். அதிகாரிகளை இங்கே துவான் என்றுதான் கூப்பிடுவோம். “பன்னிக்கு ஆம்பள பொம்பள தெரியாது துவான்” என்று அக்கா சொன்னதாக லேண்ட்ரோவர் டிரைவர்தான் எங்களுக்குச் சொன்னார். அக்காவா சொல்வார்?

அவர் அப்பா இறந்த அன்று நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். கட்டிலில் உயிர் போயிற்று. அக்கா கண்ணை மூடிவிட்டார், தாடையைக் கட்டினார், பிறகு போனை எடுத்து பாலாய்க்குப் பேசினார். சொந்தக்காரர்களுக்கு அதற்குப் பிறகுதான் சொன்னார். லைசன்காரர் போய்விட்டார், சாமான் வீட்டில் இருக்கிறது, இனி அதைத் தொட இந்த வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை, வந்து எடுத்துப் போங்கள் என்றார். போலீஸ் வண்டி வந்தபோது வாசலில் சனம் கூடியிருந்தது. அப்பன் கிடக்கிறான், இவள் போலீசைக் கூப்பிடுகிறாள் என்று கிழவிகள் வாய்விட்டே பேசினார்கள். அக்கா ரசீதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அன்றைக்கு அவரைக் கல்நெஞ்சக்காரி என்றுதான் நினைத்தேன். இந்த நாட்டில் லைசன் இல்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் சிறை. ஆண் என்றால் பிரம்படியும் சேர்த்து. அவர் தம்பி பெட்டி தூக்குவதற்கு வந்துகொண்டிருந்தான். முன்கோபக்காரன், குடிப்பவன். அவன் வந்து சேரும்போது அந்த வீட்டில் அது இருக்கக் கூடாது என்று அக்கா நினைத்திருக்கிறார். இது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. சுடாமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விடியற்காலை மேகம் இறங்கி நின்றது. நான் அவரோடு சோளம் ஒடிக்கப் போயிருந்தேன். முப்பது அடியில் நல்ல கொழுத்த பன்றி, எங்களைப் பார்க்கவே இல்லை. அக்கா தோளில் வைத்துக் குறி பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து இறக்கிவிட்டார். பன்றி ஒரு வரிசை கிழங்கைத் தின்றுவிட்டுச் சாவகாசமாகப் போனது. ஏன் என்று கேட்டேன். பன்றிக்குப் பின்னால் கொழுந்தெடுக்கப் போகிற பங்களாதேஷ் ஆட்களின் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, மேகத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை என்றார். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாதாம். பேச்சிலும் அவர் அப்படித்தான். நானோ குறியே பார்க்காமல் சுடுகிறவள்.

எங்கள் லயத்துக்கு ஒரு வாட்சப் குழு உண்டு. கோயில் திருவிழா, தண்ணீர் வராத நாள், காணாமல்போன நாய் எல்லாம் அதில் வரும். ஒருநாள் கீழ் லயத்துக்காரர் ஒருவர், பன்றித் தொல்லை உள்ளவர்கள் இந்த வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள், துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று வீட்டு நம்பரோடு போட்டுவிட்டார். நல்ல மனசோடு போட்டதுதான். அக்காவிடம் அந்த மாதிரி போன் கிடையாது. நான்தான் ஓடிப்போய்க் காட்டினேன், அவர் பெருமைப்படுவார் என்று நினைத்து. அவர் என் கையிலிருந்த போனைத் தொடாமல் குனிந்து படித்தார். இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டார். இருநூறு பேர் இருக்கும் என்றேன்.

“அதுல எத்தன பேர நமக்குத் தெரியும்?”

நான் பெயர்ப் பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்தேன்.

“கள்ளனுக்கு நகை வேணாம் புள்ள. இதுதான் வேணும். எடுத்துட்டுப் போய் எவனையாச்சும் சுட்டான்னா, சாமான் நம்பர் எம்பேர்ல இருக்கு லா.”

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போய், அந்த மனிதர் அதை அழிக்கும்வரை அவர் வாசலில் நின்றார். திரும்பி வந்து, உன் போனிலும் போய்விட்டதா என்று என்னைக் கேட்டார். போய்விட்டது என்றேன். அதற்குள் ஈப்போவில் இருக்கும் என் தங்கைக்கு அதை அனுப்பியிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

லயத்தில் யார் வெளியூர் போனாலும் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். கோழிக்குத் தீனி போட வேண்டும், காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும். என் சாவி அக்காவிடம் எத்தனையோ தடவை இருந்திருக்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிவிட்டு வந்து அவரிடம் வாங்கித் திறப்பார்கள். அவர் சாவி ஒருநாள்கூட என்னிடம் வந்ததில்லை. சர்ச்சுக்குப் போனாலும், மூன்று நாள் தம்பி வீட்டுக்குப் போனாலும், எல்லாச் சாவியும் துணிப்பையில் அவர் இடுப்போடு போகும். கோழிகளுக்கு வெளியிலேயே தீனியை வைத்துவிட்டு, பார்த்துக்கொள் என்பார். எனக்கு அது முள்ளாகக் குத்தியது. துப்பாக்கி இருக்கும் வீட்டின் சாவியை அடுத்தவரிடம் கொடுப்பது குற்றம் என்று எனக்குத் தெரியாது. என்னை நம்பவில்லை என்றுதான் எனக்குத் தெரிந்தது. கொடுத்திருக்கலாம் என்று இருந்தது. அந்த ஒன்றுக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இல்லை.

இந்த இடத்தில்தான் நான் செய்தது வருகிறது.

அந்த வருஷம் லைசன் புதுப்பிக்கும் சமயத்தில் பாலாய்க்குப் புது அதிகாரி வந்திருந்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்துத்தான் கையெழுத்துப் போடுவார் என்றார்கள். அவர் வந்த அன்று எனக்கு லீவு நாள். வாசலில் வந்து நின்றார், இளவயது மலாய்க்காரர், மரியாதையானவர். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். அக்கா நிலத்தில் இருந்தார்.

அதிகாரி கேட்டது ஐந்து கேள்வி. குடிப்பாரா, சண்டை போடுவாரா, யார் வந்து போகிறார்கள், மன உளைச்சல் உண்டா, பொறுப்பானவரா. நான் சொன்னது ஐம்பது பதில். பதினோரு வருஷம் சுவருக்கு மேலே வழிந்து வந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தேன். தட்டிப்போன கல்யாணம், தம்பியின் குடி, தூக்கம் வராமல் கிளினிக்கில் மாத்திரை வாங்கியது, எல்லாம். கேட்பதற்கு ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு. சொல்லச் சொல்ல, அவர் பேனா நிற்காமல் ஓடுவதைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் பயம் வந்தது. அக்காவுக்கு நல்ல பெயராக ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும் என்று தோன்றியது.

எஸ்டேட்டில் ஒருவருக்கு நற்சாட்சி சொல்வதற்கு எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. துரை ஆபீசிலிருந்து கிராணி என்கிற குமாஸ்தா வந்து, இந்தக் குடும்பத்துக்கு வீடு கொடுக்கலாமா என்று கேட்டால், அவர்கள் குணத்தை நாங்கள் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள நெருக்கத்தைச் சொல்வோம். ஒரே தட்டில் சாப்பிடுவோம், ஒரே பாயில் படுப்போம் என்போம். அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. கிராணிக்கும் தெரியும், அதற்கு ‘நல்லவர்கள்’ என்று அர்த்தம். நான் பிறந்ததிலிருந்து கேட்ட பாஷை அது. அந்தப் பாஷையில் அதிகாரியிடம் சொன்னேன்:

“வெளிய போனா வீட்டுச் சாவிய எங்கிட்டதான் குடுத்துட்டுப் போவாங்க துவான். அவ்வளவு நம்பிக்க.”

அவர் பேனா நின்றது. அலமாரிச் சாவியும் அதோடு இருக்குமா என்று நிதானமாகக் கேட்டார்.

“எல்லாச் சாவியுந்தான் துவான்.”

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்காவை பாலாய்க்குக் கூப்பிட்டார்கள். லேண்ட்ரோவரில் கோணியும் லீக்ஸுமாகப் போனவர், லீக்ஸை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராக என் அடுப்படிக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் என் வீட்டுக்குள் வந்தது நாலைந்து தடவைதான் இருக்கும். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நான் எப்ப புள்ள ஒங்கிட்ட சாவி குடுத்தேன்?”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“குடுத்திருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சுக்கா. அதான் சொல்லிட்டேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கோபம் இருந்த இடத்தில் ஒரு நிமிஷம் வேறு ஏதோ வந்து போனது. தான் இல்லவே இல்லை என்று மறுத்தும், கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார்கள் என்றார். நாளைக்கே போய் நான் சொன்னது பொய் என்று சொல்லிவிடுகிறேன் என்று கையைத் துடைத்தேன்.

“வேணாம். பொய் வாக்குமூலம்னு ஒன்னயப் புடிப்பான். கட வேல போயிரும். ரெண்டு புள்ள வச்சிருக்க.”

அப்போது எனக்கு வந்தது நிம்மதி. அதை நான் மறைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, மீன் பூனையிடம் போகிறது என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். அவரைப் பற்றி நான் எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். அவர் வேண்டாம் என்றது ஒரு தடவை. நான் போயிருக்கலாம். போகவில்லை.

பன்றிகளுக்கு எப்படித்தான் தெரியுமோ. பத்தே நாளில் கிழங்கு வரிசைகளை உழுதுவிட்டுப் போயின. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் கடை விட்டதும் நான் நேராக நிலத்துக்குப் போக ஆரம்பித்தேன். அவர் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு பழைய எண்ணெய் டின்னை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இருவரும் டின்னைத் தட்டிக்கொண்டு, இருட்டும் வரை வேலியோரம் நடப்போம். ஸ்வெட்டர் நனைந்துவிடும். அவர் பிளாஸ்க் காப்பியை மூடியில் ஊற்றி முதலில் எனக்குக் கொடுப்பார். பேச்சு ஒன்றும் இருக்காது. எனக்குப் பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை, அதுதான் ஆச்சரியம். ஒன்றரை மாதம் அப்படி நடந்தோம். பதினோரு வருஷத்தில் நான் அவரோடு அவ்வளவு நேரம் இருந்ததே இல்லை. நான் செய்த பாவத்துக்கு எனக்குக் கிடைத்த சம்பளம் அந்தச் சாயங்காலங்கள். இப்போதும் கடையை அடைக்கும் நேரத்தில் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

ஜெயித்தது பன்றிகள்தான். சோளமும் போன பிறகு அக்கா குத்தகையை விட்டுவிட்டார். தம்பி குடியை விட்டிருந்தான். கீழே பேராக் பக்கம் அவனுக்கு ஒரு பழத்தோட்டம் இருந்தது, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றான். லோரியில் சாமான் ஏற்றியது என் வீட்டுக்காரர்தான். தம்பி வீட்டுப் போன் நம்பர் கேட்டேன். அங்கே போய்ப் பார்க்கலாம் என்றார். என் பிள்ளைகளின் தலையைத் தொட்டார். என் கையைப் பிடித்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். நம்பர் வரவே இல்லை. பக்கத்து வீட்டில் இப்போது புதுக் குடும்பம். நாள் முழுக்க டிவி ஓடுகிறது. எல்லாம் கேட்கிறது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

போன வருஷ மழைக்காலத்தில், கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேராக் பக்கத்து பாலாய் அதிகாரி, வயதான குரல். பழத்தோட்டத்துக்காக ஒருவர் லைசன் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார், முன்பு ஒரு தடவை ரத்தானவர், அவரை நன்றாகத் தெரிந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறார் என்றார். அக்காதான். சர்ச் பாதிரியார் இருக்கிறார், லேண்ட்ரோவர் டிரைவர் இருக்கிறார். என் பெயரை எழுதியிருக்கிறார்.

நேரில் வரச் சொன்னார். வீட்டுக்காரரின் லோரியிலேயே போனேன். போகிற வழியெல்லாம் அக்காவைப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஆசை. பாலாயில் அவர் இல்லை. அதிகாரி மட்டும்தான் இருந்தார், முன்னால் பழைய கோப்பு. அதே ஐந்து கேள்வியைக் கேட்டார். யார் வந்து போவார்கள் என்றார். நான் பார்த்ததில்லை என்றேன். மன உளைச்சல் என்றார். அது எனக்குத் தெரியாது துவான் என்றேன். கோப்பைத் திருப்பி என் கையெழுத்தைக் காட்டினார். சாவி உங்களிடம் இருக்கும் என்று இதில் இருக்கிறதே என்றார்.

“அது பொய் துவான். பதினோரு வருசத்துல ஒரு நாள்கூட எங்கிட்ட குடுத்ததில்ல.”

பொய் சொன்னதற்கு என்மேல் வழக்குப் போடலாம் என்று எச்சரித்தார். போடுங்கள் என்றேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். நான் சொன்னதை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு நாள்கூட இல்லை என்று எழுதும்போது எழுத்து தெளிவாகத்தான் விழுந்தது.

தாளை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப நெருக்கமா?

சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது.

“பக்கத்து வீடு துவான்,” என்றேன்.